சும்மா பேப்பர்

முதல் பக்க நெற்றியில் 'சோழகம்' என்று இருக்கும்.
காற்றின் பெயரை வைத்தால்
எந்தக் கட்சி என்று கேட்கமாட்டார்கள் என நினைத்தேன்.
கேட்கவில்லை. அந்தப் பெயரையே யாரும் சொல்வதில்லை.
தொண்டியிலிருந்து முள்ளிமுனை வரைக்கும்
அதன் பெயர் சும்மா பேப்பர்.

மாதம் இரண்டு இதழ், எட்டுப் பக்கம், இரண்டாயிரம் பிரதி.
தேவகோட்டை அச்சகத்திலிருந்து
முதல் பேருந்தின் கடைசி இருக்கையில் வரும்.
லக்கேஜ் டிக்கெட் உண்டு,
சும்மா வந்ததில்லை ஒருநாளும்.
கலந்தர் ஆட்டோவில் ஏற்றி
டீக்கடை, ஜமாஅத் வாசல், மாதா கோயில் படி, ஏலக்கூடம் என
எறிந்துகொண்டே போவான்.
மூன்றாம் நாள் அதில் வடை மடிக்கிறார்கள்.
வடையில் மை ஒட்டுவதாக எனக்குத்தான் புகார்.

விலை இல்லாததற்கு விலை கொடுப்பவர்கள்:
உம்ரா ஏற்பாட்டாளர், போர்வெல்காரர்,
வலை மிதவை ஈயக்குண்டு மொத்த வியாபாரி.
பூப்புனித நீராட்டுக்கு வாழ்த்தும் தாய்மாமன்கள்
பத்து சென்டிமீட்டரில் பதினேழு பேர்,
ஒரு பெயர் விட்டால் ஒரு சம்பந்தம் முறியும்.
சிலர் பணத்துக்குப் பதில் நண்டு தருவார்கள்.
'இதர வருமானம்' என்று எழுதிக்கொள்வேன்.
அச்சகத்தார் நண்டு வாங்குவதில்லை.

கடைசிப் பக்கம் முழுசும் ராஜமாணிக்கம் ஐஸ் பேக்டரி.
இறக்கை விரித்து ஒரு பெங்குவின் நிற்கும்.
அதன் முதுகில்தான்
மற்ற ஏழு பக்கமும் உட்கார்ந்திருக்கின்றன.

ஆவணியில் ஓர் இரவு
அமோனியாக் குழாய் விட்டுக்கொடுத்தது.
எந்தக் காற்று கொண்டுபோனது என்பதை
நெற்றியிலேயே அச்சடித்து வைத்திருக்கிறேன்.
பேக்டரிக்கு வடக்கே இருபத்திரண்டு வீடு.
ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு
விடியும்வரை இடுப்பளவு கடலில் நின்றார்கள்.

எழுதினேன். ஒரு பக்கம் எழுதினேன்.
பிறகு பெங்குவினைப் பார்த்தேன்.
அரைப் பக்கமானது. கால் பக்கமானது.
கடைசியில் மூன்றாம் பக்கம்,
டியூஷன் விளம்பரத்துக்குக் கீழே, ஆறு வரி.
'தனியார் நிறுவனம் ஒன்றில் லேசான வாயுக்கசிவு.'
ஊரில் நிறுவனமே ஒன்றுதான்.
லேசான.
தராசில் வைத்துப் பார்த்தவன்போல.

மூன்றாம் நாள் ராஜமாணிக்கம் கூப்பிட்டார்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன்.
ஆறு வரியைப் பற்றி ஒரு சொல் இல்லை.
'நம்பர் தப்புய்யா. கடைசில ஏழு,
ஒண்ணுன்னு போட்டிருக்க.
ரெண்டு நாளா ஒரு போன் வரல.'

போன் வந்துகொண்டுதான் இருந்தது,
வடக்குத் தெரு சேசுராக்கினிக்கு.
பேக்டரி மொத்தமாக வாங்கிய சிம்களில் ஒன்று,
அங்கே வேலை பார்த்த மகன் வீட்டில் கொடுத்தது.
'முப்பது பார் வேணும், லோடு எப்ப?' என்று கேட்ட
ஒவ்வொரு படகுக்காரனுக்கும் சொல்லியிருக்கிறாள்:
எந்த வால்வு, எத்தனை மாதமாய்த் துரு,
யார் வீட்டுப் பிள்ளைக்கு இன்னும் கண் திறக்கவில்லை.
நான் வெட்டிய முக்கால் பக்கமும்
மோர்ப்பண்ணை வரை போய்விட்டது.
சிலர் சோழியக்குடியில் ஐஸ் எடுத்தார்கள்.
சிலர், 'பாவம்க்கா, சரியான நம்பர்
தெரிஞ்சா சொல்லு' என்றார்கள்.

அலுவலகத்துக்கே வந்தாள்.
திட்டு வாங்க வசதியாக நாற்காலியை இழுத்துப் போட்டேன்.
உட்காரவில்லை.
'திருத்தம் போடுவீகளோ?'
'போடணும்க்கா.'
'எப்ப?'
'அடுத்த இதழ். இன்னும் பத்து நாள்.'
விரல்விட்டு எண்ணினாள்.
'போதும்' என்று போய்விட்டாள்.

ஏழும் ஒன்றும்
கையெழுத்தில் ஒன்றுபோல் இருக்கும். அச்சில் இருக்காது.
மெய்ப்பு பார்த்தது நான்.
கண்ணாடி போட்டிருந்தேன் என்றுதான் ஞாபகம்.

இப்போது இரவு பதினொன்று.
'திருத்தம்' என்று தலைப்புப் போட்டுவிட்டேன்.
மூன்றாம் பக்கம், அதே இடம்,
அதே ஆறு வரி.
ஏழு ஒன்றானதற்கு ஒரு வரி போதும்.
மிச்சம் ஐந்து.